போர்வையின் ஓரம் காப்போம்

பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை முதலில் நைவது ஓரத்திலேயாகும். இழுபடுவதும் பிழியப்படுவதும் ஓரமே. அது பிரிந்தால் உள்ளடுக்குகள் நழுவி, பல நாள் உழைப்பு வீணாகும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' போர்வை இதற்கு நற்சான்று. அவர்கள் மூலையில் தொடங்கி, ஓரங்களை முதலில் மடித்துத் தைத்து, பின்னர் சுற்றிச் சுற்றி நடுவை அடைகின்றனர். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணிகளையும் வைத்துத் தைக்கின்றனர்.

நடுவிலிருந்து தைத்த போர்வைக்குத் தனி ஓரப்பட்டி வேண்டும். பட்டிக்கு நைந்த துணி ஆகாது. உறுதியான பருத்தித் துணியை 3 அங்குல அகலத்தில் வெட்டுக. அதனை நீளவாட்டில் இரண்டாக மடித்து, வெட்டிய விளிம்புகளைப் போர்வையின் மேற்புற விளிம்போடு பொருத்தி, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். மூலையில் பட்டியை இழுக்காமல், சிறிது தளர்த்தி மடித்துத் திருப்ப வேண்டும். பின்னர் மடிப்பை அடிப்புறம் கொணர்ந்து, முந்தைய தையல் மறையுமாறு நெருக்கித் தைத்தல் வேண்டும்.

பட்டி நைந்தால் அதனை மட்டும் மாற்றினால் போதும். ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊர் மகளிர் குழுக்களில் இதனைப் பயிற்றுவிக்க ஆவன செய்தல் நலம்.