சக்கரம் ஆடலாமா?

சித்தூர் மாம்பழத்துக்குப் பேர் பெற்ற ஊர். மாங்காய்க் காலத்தில் அங்குள்ள கூழ் ஆலைகளுக்கு லாரிகள் வரிசையாக வரும். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அங்கிருந்து திருமலைக்கு மலைப்பாதை. ஏறுவதற்கு 1974-இல் திறந்த பாதை. இறங்குவதற்கு 1944-இல் திறந்த பாதை. மலை இறங்கும் வண்டிக்குப் பிரேக்தான் உயிர். அந்தப் பிரேக்கையே கெடுக்கும் கோளாறு ஒன்று உண்டு. அதுதான் பின் சக்கரத்தின் பேரிங் ஆட்டம்.

லாரியின் பின் ஆக்சில் ஓர் இரும்புக் குழாய். அதன் முனையில் ஹப் சுழலும். ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகள் இருக்கும். லாரியின் பாரம் இவற்றின் மேல்தான். பேரிங் தேய்ந்தாலோ, நட்டு தளர்ந்தாலோ ஹப் ஆடும். ஆயில் சீல் கெடும். எண்ணெய் கசிந்து பிரேக் லைனிங்கை நனைக்கும். மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. முற்றினால் சக்கரமே கழன்றுவிடும்.

சித்தூர்ப் பட்டறை ஒன்றுக்கு லாரி ஒன்று வந்தது.

"மேஸ்திரி, பின் சக்கரத்துல எண்ணெய் வழியுது. சீலை மட்டும் மாத்துங்க" என்றார் ஓட்டுநர்.

"முதல்ல ஆட்டம் பார்ப்போம் அண்ணே. ஆட்டம் இருந்தா புதுச் சீலும் போயிடும்" என்றார் மேஸ்திரி.

லாரியைச் சமதளத்தில் நிறுத்தினார்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். ஜாக்கியால் தூக்கினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டும் கொடுத்தார்கள். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார்கள். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். சக்கரம் 'டக் டக்' என்று ஆடியது. சுழற்றினால் கரகரவென்று சத்தம் வந்தது.

மேஸ்திரி ஆக்சில் தண்டை உருவி, ஹப்பைக் கழற்றினார். பேரிங் உருளைகளில் குழி விழுந்திருந்தது. பேரிங்கையும் அதன் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றினார். சீலும் புதிது. எண்ணெய் ஊறிய லைனிங்கையும் மாற்றினார்.

பிறகு ஹப்பை மாட்டி, சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கினார். அப்போதுதான் உருளைகள் சரியாக உட்காரும். அதன்பின் நட்டைச் சிறிது தளர்த்தினார். எவ்வளவு தளர்த்துவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

"ஆட்டமே இல்லாம இறுக்கிடலாமே?" என்று கேட்டான் கிளீனர்.

"கூடாது தம்பி. ஓட ஓடச் சூடு ஏறும். இரும்பு விரியும். விரிய இடமில்லேன்னா பேரிங் எரிஞ்சுடும்."

லாக் நட்டையும் இறுக்கியபின் டயல் கேஜில் ஆட்டத்தை அளந்தார். லாரி ஹப்புக்குப் பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் விடுவார்கள். கூடிப்போனால் ஏறக்குறைய ஒரு தாளின் கனம்தான்!

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினார்கள். ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பார்த்தார்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். சூடு ஒன்றுபோல் இருந்தது. லாரி திருப்பதிக்குப் புறப்பட்டது.

சிந்திப்போம்

1. சீலை மட்டும் மாற்றினால் ஏன் போதாது?
2. நட்டை அதிகமாக இறுக்கினால் என்ன ஆகும்?
3. உங்கள் ஊர் வண்டிகளில் சக்கர ஆட்டத்தை எப்போது பார்க்கிறார்கள்?