விட்ட சிகரெட்டும் விடாத வினையும்

கேள்வி: 30 ஆண்டுகள் சிகரெட் பிடித்து அண்மையில் விட்ட என் தமையனார், மாரடைப்பால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். புகைப்பவர்களே அதிகம் பிழைக்கிறார்கள் என்கிறார்களே, மெய்தானா?

பதில்: சில ஆய்வுக் கணக்குகளில் அவ்வாறு தோன்றியது மெய்யே, அதற்குப் 'புகைப்பவர் முரண்' என்று நாமகரணமும் செய்தார்கள். ஆயினும், புகைப்பவருக்கு மாரடைப்பு பல ஆண்டுகள் முந்தியே வந்துவிடுவதால், அவர் நடுவயதினராகவும், புகைக்காதவர் முதுமையோடு நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்தவராகவும் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடக்க, வயது தந்த அநுகூலத்தைப் புகையிலையின் பிரசாதமாகக் கொண்டது கணக்கின் மாயையேயன்றி வேறன்று. வயதையும் பிற நோய்களையும் கருத்திற்கொண்டு ஒப்பிட்டால் அந்த அநுகூலம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

நுரையீரலின் கதையில் அந்த மாயைக்கும் இடமில்லை. சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் புகையால் சோர்ந்துவிடுவதால், செயற்கைச் சுவாசம் பெறும் நிலை நேர்ந்தால் நிமோனியாவுக்கு வாய்ப்பு மிகுகிறது. விட்டது வீணன்று: இரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளிலேயே நீங்கும், மயிரிழைகள் தேற வாரங்கள், மாதங்கள் ஆகும். நாளொன்றுக்கு எத்தனை சிகரெட், எத்தனை ஆண்டுகள், கடைசியாகப் பிடித்தது எப்போது என்பவற்றை (நம் குடும்பங்களில் இதைச் சொல்ல ஏனோ ஒரு கூச்சம்!) மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.