காது கேட்காத குழந்தைக்கு எந்த ஸ்கேன்?

கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் அசைவதில்லை. பதறிப்போய் டாக்டரிடம் ஓடுகிறீர்கள். "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே டாக்டர்?"

கொஞ்சம் பொறுங்கள்! காது கேட்கிறதா, இல்லையா என்பதை ஸ்கேன் சொல்லாது. அதைச் சொல்பவை ஓ.ஏ.இ., பெரா போன்ற பரிசோதனைகள். பச்சைக் குழந்தைக்குக்கூட தூங்கும்போதே செய்துவிடலாம், வலி கிடையாது. குறை இருப்பது உறுதியான பிறகு, 'ஏன்?' என்று தேடத்தான் ஸ்கேன்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலும் காது மந்தமாகும். சின்னப் பிள்ளைகளிடம் இது சர்வசாதாரணம். டாக்டர் காதைச் சோதித்து, டிம்பனோமெட்ரி என்ற எளிய பரிசோதனை செய்தாலே தெரிந்துவிடும்.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

'காசு ஜாஸ்தியானதுதான் உசத்தி' என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் வேலை வேறு.

சி.டி. ஸ்கேன் எலும்பைக் காட்டும். காதுத் துவாரம் பிறவியிலேயே அடைபட்டிருந்தாலோ, நடுக்காதின் குட்டி எலும்புகளில் கோளாறு என்று சந்தேகித்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ இதுதான் உதவும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் எக்ஸ்ரே கதிர்கள் உண்டு. வளரும் குழந்தைக்கு அவசியமில்லாமல் எடுக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்கள் இல்லை. உள்காதின் திரவம், செவி நரம்பு, மூளை ஆகியவற்றைக் காட்டும். காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனுக்கு முன் செவி நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நரம்பு இல்லாவிட்டால், கருவி தரும் செய்தியை மூளைக்கு எடுத்துப்போவது எது? இதில் சிரமம் ஒன்றுதான். நீண்ட நேரம் ஆடாமல் படுத்திருக்கணும். சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். கைக்குழந்தையானால் பால் கொடுத்துத் தூங்கவைத்து எடுப்பதும் உண்டு.

சில குழந்தைகளுக்கு இரண்டு ஸ்கேனும் தேவைப்படும்.

இதில் மட்டும் தாமதம் கூடாது!

மெனிஞ்சைட்டிஸ் காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தைக்குக் காது மந்தமானால், அது அவசரம். உள்காதின் காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். பிறகு இம்ப்ளான்ட் பொருத்துவது கஷ்டம். எலும்பாவதற்கு முந்தைய மாற்றத்தையே எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

ஸ்கேன் 'நார்மல்' என்றால்?

காது நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தமில்லை! சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் பரம்பரைக் கேளாமைக்கு வாய்ப்பு அதிகம். அதில் பலருக்குப் படம் சரியாகவே இருக்கும்.

அதனால் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும்போது டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இதுல எதைப் பார்க்கப் போறீங்க? ரிசல்ட்டைப் பொறுத்து சிகிச்சை மாறுமா?"

இன்னொன்று. ஸ்கேன் வரட்டும் என்று ஹியரிங் எய்டைத் தள்ளிப்போடாதீர்கள். பிறவிக் குறை என்றால் 3 மாதத்துக்குள் கண்டுபிடித்து, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது நல்லது. படம் காத்திருக்கலாம், பேச்சு வளரும் வயசு காத்திருக்காது.