தேயிலை மலையில் தொடக்கப்பள்ளி

ஓர் ஊரில் பள்ளி எழ முதலில் நிலம் வேண்டும். அடுத்துப் பணம் வேண்டும். தமிழகத்தில் 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே இவற்றை மனமுவந்து நல்கினர்.

நீலகிரித் தோட்டத் தொழிலாளர் நிலை வேறு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் இங்கு அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. குடியிருப்புகள் பெருகின. ஆயினும் லைன் வீடுகளில் வாழ்வோர்க்கு அவ்வீடும் சொந்தமன்று. பள்ளிக்கு ஒரு சென்ட் நிலம் எங்ஙனம் தருவர்?

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேலிருப்பின், கல்வி வசதி செய்யுமாறு நிர்வாகத்தை மாநில அரசு பணிக்கலாம் என்றது. பணித்தே தீரவேண்டும் என்று கூறவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே அண்மைப் பள்ளியை அரசின் கடமையாக்கியது. அதன் மத்திய விதிகள் தொடக்கப்பள்ளிக்கு 1 கிலோமீட்டர் எல்லை வகுத்து, நிலச்சரிவு அபாயமுள்ள இடங்களில் அதனையும் குறைக்கச் சொல்கின்றன.

மலைச்சரிவில் மண்ணை வெட்டிச் சமன்செய்து, தடுப்புச் சுவர் எழுப்பிய பின்னரே வகுப்பறைக்குக் கடைக்கால் இடமுடியும். எனவே சமவெளி மதிப்பீடு இங்குப் போதாது. நன்கொடை துணையாகலாம், நிலமற்றோரின் பிள்ளைகளுக்கு அரசு நிதியே அடித்தளமாதல் வேண்டும்.