சுமப்பவர் யார்?

உணவுப் பொருள் செய்வோர்க்குக் கடமைகள் இரண்டு. ஒன்று, தூய்மையாகச் செய்தல். மற்றொன்று, கெடாமல் கொண்டு சேர்த்தல். இரண்டாம் கடமையைத் தாமே செய்வதா, பிறரிடம் ஒப்படைப்பதா என்பது ஒவ்வொரு நிறுவனமும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய வினா.

குஜராத் மாநிலத்தின் ஆனந்த் நகர் இதற்கு நல்ல சான்று. கேடா மாவட்ட உழவர்கள் 1946ஆம் ஆண்டில் கூட்டுறவுப் பால் ஒன்றியத்தைத் தொடங்கினர். அதன் பொருள்களே அமுல் என்னும் பெயரால் புகழ்பெற்றன. அதற்குமுன் அவர்களது பாலை இடைத்தரகர்கள் வாங்கினர். விலையையும் அவர்களே முடிவு செய்தனர். அந்நிலையை மாற்றவே ஒன்றியம் பிறந்தது. ஆயினும், சிற்றூர்களிலிருந்து பாலைக் கொண்டுவரும் பணி ஒப்பந்தக்காரர்களின் வண்டிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இது முரண்பாடு ஆகாதா?

ஆகாது. இடைத்தரகர் பாலை வாங்கி விற்றார். ஒப்பந்தக்காரரோ பாலைச் சுமந்து வாடகை பெறுகிறார். விலையும் தரச் சோதனையும் உழவர்களின் அமைப்பிடமே உள்ளன.

ஒப்படைப்பதற்குக் காரணமும் உண்டு. பால் வரத்து குளிர்காலத்தில் பெருகும்; கோடையில் குறையும். பெருகும் காலத்திற்கேற்ப வண்டிகளை வாங்கினால், கோடையில் அவற்றுள் சில வெறுமனே நிற்கும். வண்டி நின்றாலும் ஓட்டுநரின் ஊதியமும் வாங்கிய கடனின் வட்டியும் நில்லா. மேலும், பால்பொடி ஏற்றிச் சென்ற வாடகை வண்டி திரும்பும் வழியில் வேறு சரக்கை ஏற்றலாம். சொந்த வண்டியோ பெரும்பாலும் வெறுமையாகவே திரும்பும்.

எனினும், செலவு ஒன்றையே கருதுதல் தவறு. பனிக்கூழை உறைநிலைக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில் கொண்டு செல்லுதல் வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த ஓட்டுநர் குளிரூட்டியை நிறுத்தினால், அது உருகி மீண்டும் உறையும். உறையின் வெளியே எக்குறையும் தெரியாது. உண்பவரோ ஓட்டுநரை அறியார். உறைமேல் உள்ள பெயரையே பழிப்பார். ஆதலால், பயணம் முழுமைக்குமான வெப்பநிலைப் பதிவை நிறுவனம் கேட்டுப் பெறுதல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், உணவை ஏற்றிச் செல்வோரையும் கட்டுப்படுத்துகிறது.

சுமையைப் பிறரிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க இயலாது.

சொற்பொருள்
வரத்து – வந்துசேரும் அளவு
பனிக்கூழ் – ஐஸ்கிரீம்
பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு
நில்லா – நிற்க மாட்டா

பயிற்சி
1. இடைத்தரகருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பால் வரத்து, வண்டி வாங்கும் முடிவை எவ்வாறு பாதிக்கிறது?
3. உங்கள் ஊரில் அடுமனை ஒன்று தொடங்கினால், ரொட்டியைக் கடைகளுக்குக் கொண்டு செல்லும் பணியை ஒப்படைப்பீர்களா? காரணம் கூறி ஐந்து தொடர்களில் எழுதுக.