எட்டுக்கு நான்கு பலகை: வெட்டும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டில் ஓர் அலமாரி செய்ய வேண்டும் என்றால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை பிளைவுட் வாங்க வேண்டும்?" என்பதுதான். தச்சர் மனக்கணக்காக ஓர் எண் சொல்வார். நாமும் வாங்கி வந்து போடுவோம். வேலை பாதியில் இருக்கும்போது "இன்னும் ஒரு பலகை வேண்டும்" என்ற பேச்சு வரும். பலகை விலை, வண்டி வாடகை, வேலை நின்றுபோன நாளின் கூலி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலும் இதில் யாருடைய ஏமாற்றும் இல்லை. பலகையின் பெயரில் உள்ள அளவை அப்படியே வைத்துக் கணக்குப் போடுவதால் வரும் சிக்கல் இது. தச்சு வேலை பழகும் இளைஞர்களுக்கும், வீட்டு வேலைக்குப் பலகை வாங்கப்போகும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று இந்தக் கணக்கை இங்கே படிப்படியாகத் தருகிறோம்.

பெயரில் உள்ள அளவும் கையில் உள்ள அளவும்

கடைகளில் அதிகம் விற்பது 8 அடிக்கு 4 அடிப் பலகை. 7க்கு 4, 6க்கு 4, 8க்கு 3, 7க்கு 3, 6க்கு 3 ஆகிய அளவுகளும் கிடைக்கும். எட்டுக்கு நான்கு பலகையை மில்லிமீட்டரில் 2440க்கு 1220 என்று குறிப்பார்கள். ஓர் அடி என்பது 304.8 மி.மீ. அப்படியானால் 8 அடி 2438.4, 4 அடி 1219.2. பலகையில் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதுவும் எல்லாப் பலகையிலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓரம் அடிபட்டோ, பிளந்தோ இருந்தால் அதைச் சீவி எடுக்க வேண்டும். அதற்கும் சில மில்லிமீட்டர் போகும்.

ரம்பம் தின்னும் மரம்

ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பத்தின் பல் தடிமன் அளவுக்கு மரம் தூளாகிப் போகிறது. வட்ட ரம்பத்தில் இது சுமார் 2 முதல் 3 மி.மீ. தச்சர்கள் கணக்கில் ஓர் இஞ்சுக்கு 8 நூல். ஒரு நூல் ஏறக்குறைய 3 மி.மீ. ஆகவே, ஓர் அறுப்புக்கு ஒரு நூல் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகும். 4 அடி அகலப் பலகையில் முழுதாக 1 அடி அகலமுள்ள நான்கு பட்டைகள் வராது. நான்கு பட்டைக்கு 1219 மி.மீ. வேண்டும், மூன்று அறுப்புக்கு 9 மி.மீ. வேண்டும். மொத்தம் 1228. பலகையில் இருப்பதோ 1220.

சதுர அடிக் கணக்கு எங்கே இடறுகிறது?

பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் மத்ரஸா கிதாபுகளும் வைக்க 6 அடி உயரம், 1 அடி ஆழத்தில் ஓர் அலமாரி செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கப் பலகைகள், 6 அடி நீளம். மேல், கீழ், நடுவே நான்கு என மொத்தம் ஆறு தட்டுகள். ஒவ்வொன்றும் 2 அடி 8 இஞ்சு நீளம்.

சதுர அடியில் கணக்குப் போடுவோம். பக்கங்களுக்கு 12 சதுர அடி, தட்டுகளுக்கு 16 சதுர அடி, ஆக 28. ஒரு பலகை 32 சதுர அடி. "ஒரு பலகை போதும், 4 சதுர அடி மிஞ்சும்" என்று தோன்றும்.

வெட்ட ஆரம்பித்தால் நடப்பது வேறு. முழு 1 அடிப் பட்டைகள் மூன்றுதான் வரும். நான்காவது சுமார் 296 மி.மீ. அகலத்தோடு குறைப்பட்டையாக நிற்கும். இரண்டு பட்டைகள் பக்கங்களுக்குப் போய்விடும். மூன்றாவது பட்டையில் 2 அடி 8 இஞ்சுத் தட்டுகள் மூன்று வருமா? மூன்று தட்டுகள் சேர்ந்தாலே சரியாக 8 அடி, அறுப்புக்கு இடமில்லை. இரண்டு தட்டுகள்தான் தேறும். ஆறு தட்டுகள் தேவைப்படும் இடத்தில் இரண்டு மட்டும் கிடைக்க, இரண்டாவது பலகை வாங்கியே தீர வேண்டும்.

அளவைச் சற்றே மாற்றிப் பார்ப்போம்

இப்போது ஆழத்தை 11¾ இஞ்சு ஆக்குவோம், அதாவது 298.5 மி.மீ. நான்கு பட்டைக்கு 1194. ஓரம் சீவவும் பட்டை பிரிக்கவும் நான்கு அறுப்பு, 12 மி.மீ. மொத்தம் 1206. பலகையில் இன்னும் 14 மி.மீ. இருக்கிறது, ஓரம் பழுதாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

தட்டின் நீளத்தை 2 அடி 7½ இஞ்சு ஆக்குவோம். அதாவது 800 மி.மீ. ஒரு பட்டையில் மூன்று தட்டுக்கு 2400, மூன்று அறுப்புக்கு 9, மொத்தம் 2409. பட்டை 2440. வசதியாக வருகிறது. இரண்டு பட்டையில் ஆறு தட்டுகள். மற்ற இரண்டு பட்டையில் இரண்டு பக்கங்கள். ஒரே பலகையில் வேலை முடிந்தது. பக்கப் பட்டைகளில் மிஞ்சும் இரண்டு அடித் துண்டுகள் இரண்டும் வேறு வேலைக்கு உதவும்.

ஆழத்தில் கால் இஞ்சும் நீளத்தில் அரை இஞ்சும் விட்டுக்கொடுத்தோம். புத்தகம் வைப்பதில் எந்தக் குறையும் வராது. ஒரு முழுப் பலகையின் விலை நம் கையில் நின்றது.

முதுகுப் பலகைக்கும் இதே யோசனைதான். மெல்லிய பலகையை எட்டுக்கு நான்காக வாங்க வேண்டியதில்லை. 6க்கு 3 போதும். மேலும் கீழும் கால் இஞ்சு உள்ளே தள்ளி அடித்தால் ஓரம் சீவவும் இடம் கிடைக்கும்.

தடிமனையும் அளக்க வேண்டும்

18 மி.மீ. என்று வாங்கும் பலகை அளந்தால் 17 அல்லது 17.5 ஆக இருப்பதுண்டு. இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் முக்கால் இஞ்சு என்று விற்கும் பிளைவுட்டின் உண்மைத் தடிமன் பெரும்பாலும் 23/32 இஞ்சுதான். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்து அதே அளவில் வெட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுவர் மாடத்துக்குள் அலமாரி பொருந்த வேண்டும் என்றால் வெளி அகலம் மாறக்கூடாது. அப்போது வெளி அகலத்திலிருந்து இரண்டு பக்கப் பலகைகளின் உண்மைத் தடிமனைக் கழித்தால்தான் தட்டின் நீளம் கிடைக்கும். வெளி அகலம் 836 மி.மீ. என்றால், 18 மி.மீ. பலகைக்குத் தட்டு 800, 17 மி.மீ. பலகைக்கு 802. பூட்டும் முன்பே மைக்கா ஒட்டுவதாக இருந்தால் அதன் தடிமனையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். உள்ளே 0.8, வெளியே 1 மி.மீ. ஒட்டினால், 18 மி.மீ. பலகை 19.8 ஆகிவிடும்; தட்டு ஏறக்குறைய 796தான். பலகையில் காடி எடுத்துப் பொருத்துவதாக இருந்தால், ஒரு துண்டுப் பலகையில் முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல பலகையில் கை வைக்க வேண்டும்.

வெட்டும் முன் செய்ய வேண்டியவை

1. கடைக்குப் போகும் முன் நோட்டுத் தாளில் 8 இஞ்சுக்கு 4 இஞ்சு கட்டம் வரைந்து, ஓர் அடிக்கு ஓர் இஞ்சு என்ற கணக்கில் துண்டுகளை அடுக்கிப் பாருங்கள். ரம்பம் தின்னும் அளவு இந்தப் படத்தில் தெரியாது; அதைப் பக்கத்தில் எண்ணாக எழுதிக் கூட்டுங்கள்.

2. பலகை வீட்டுக்கு வந்ததும் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் டேப் வைத்து அளந்து, கணக்கைத் திருத்துங்கள்.

3. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 2440க்கு 1220 பலகையில் இரண்டும் 2728 மி.மீ. வர வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பலகை மட்டத்தில் இல்லை. ஓரத்தை நம்பி அளவு எடுக்கக் கூடாது.

4. பிளைவுட்டின் மேல் ரேகை பெரும்பாலும் 8 அடிப் பக்கமாக ஓடும். தட்டின் நீளமும் அதே போக்கில் இருந்தால்தான் சுமையை நன்றாகத் தாங்கும். இடம் மிச்சப்படுத்தத் தட்டைத் திருப்பிப் போட வேண்டாம்.

பயிற்சி

அடுப்படி மேடைக்குக் கீழே 2 அடி ஆழத்தில் அலமாரி வேண்டும் என்கிறார்கள். 4 அடி அகலப் பலகையைச் சரிபாதியாகப் பிளந்தால் இரண்டு பட்டைகள் 2 அடி அகலத்தில் வருமா? பிள்ளைகளை உட்கார வைத்து, இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

விடை: வராது. ஓர் அறுப்புக்கு 3 மி.மீ. போய்விடும். ஆழத்தை 23¾ இஞ்சு, அதாவது 603 மி.மீ. ஆக்கினால், இரண்டு பட்டைக்கு 1206, அறுப்புக்கு 3, மொத்தம் 1209. ஓரம் சீவ 11 மி.மீ. மிஞ்சும்.