சாயப்பட்டறையும் உப்பின் கணக்கும்

ஒரு தொழிற்சாலையின் கழிவு அதன் சுவர்களுக்குள்ளே மட்டும் உண்டாவதன்று. அதற்குச் சரக்கு கொடுப்போரின் தெரிவும், அதனிடம் பண்டம் கொள்வோரின் விருப்பமும் கழிவின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

திருப்பூரில் நூல் ஆடையாக மாறும்வரை எல்லா வேலைகளும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவது அரிது. ஏற்றுமதியாளர் நூலை வாங்கிப் பின்னச் செய்து, துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்புகிறார். பட்டறை கிலோவுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்றுச் சாயமேற்றித் தருகிறது. துணி பட்டறைக்கு உரியதன்று. நிறத்தைத் தெரிந்தெடுப்பதும் பட்டறையன்று. ஆயினும் கழிவு நீர் பட்டறையின் வாயிலிலேயே வெளிப்படுகிறது.

உப்பு எதற்கு?

பருத்தி இழை நீரில் நனைந்ததும் எதிர்மின் தன்மை பெறுகிறது. சாயத்தின் துகளும் அதே மின் தன்மை உடையதாதலால் ஒன்றையொன்று விலக்கும். சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ கரைத்தால் இவ்விலக்கம் தணிந்து, சாயம் இழையைச் சேர்கிறது. சாயத்தை இழையிற் சேர்த்த பின்னரும் உப்பு குறைவதில்லை. முழுவதும் நீரிலேயே தங்கிவிடுகிறது.

ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீரும், அடர்நிறத்திற்காக லிட்டருக்கு 60 கிராம் உப்பும் வேண்டுமெனக் கொள்வோம். உப்பு 600 கிராம் ஆகும். ஆறு லிட்டர் நீரில் வேலை செய்யும் இயந்திரமாயின் 360 கிராம் போதும். லிட்டருக்கு 20 கிராம் உப்பே வேண்டும் வெளிர்நிறமாயின், பத்து லிட்டர் நீருக்கும் 200 கிராமே செலவாகும். நிறம் ஒவ்வாதெனத் துணி திரும்பி வந்து மீண்டும் சாயமேற்றப்படின் செலவு ஏறக்குறைய இரட்டிக்கும்.

நொய்யல் கற்பித்த பாடம்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியிற் கலக்கும் நொய்யலாறு திருப்பூரின் ஊடே செல்கிறது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நீர் உவர்த்தது. கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டன. உழவர் தொடுத்த வழக்கில், கழிவு நீர் வெளியேறுவதை முற்றிலும் நிறுத்துமாறு 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. கட்டளை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடுமாறு உத்தரவாயிற்று. ஏற்றுமதியாளர் தம் துணியை வெளியூர்களுக்கு அனுப்ப நேர்ந்தது. கொடுப்போருக்கு வந்த இடர் கொள்வோரையும் தாக்கியது.

இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர் முறையால் நீர் தூய்மையாக்கப்படுகிறது. பின்னர் அது சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தப்பட்டு, நன்னீர் பட்டறைகளுக்குத் திரும்புகிறது. எஞ்சிய செறிந்த உப்புநீர் காய்ச்சப்பட்டு உப்பு மீட்கப்படுகிறது. ஒரு நிலையத்தைச் சார்ந்த பட்டறைகள் யாவும் ஒரேவகை உப்பைப் பயன்படுத்தினால், மீட்ட உப்பும் மீண்டும் சாயத் தொட்டிக்கு உதவும். இருவகை உப்பு கலந்துவிடின் அது மூட்டைகளாகக் கொட்டகையில் தேங்கும்.

ஆகவே பட்டறை தனித்து நின்று செய்யக்கூடியது சிறிதே. குறைந்த உப்பில் துணியை நன்கு பற்றும் சாயத்தை விற்போர் அளித்தல் வேண்டும். கொள்வோர் மாதிரித் துணியின் நிறத்தை முன்னரே உறுதிசெய்தலும், சுத்திகரிப்புச் செலவைக் கூலியில் ஏற்றலும் வேண்டும். செலவு பட்டறையின்மீது மட்டும் விழுமாயின், கழிவை மறைவாக ஆற்றில் விடும் ஆசைக்கு அது இடங்கொடுக்கும். களப்பணியாளர் ஒரு பட்டறையைப் பார்வையிடும்போது, கழிவு நீரோடு நிறுத்தாமல் மறுசாயமேற்றிய துணியின் கணக்கையும் கேட்டறிதல் நலம்.

வகுப்பறைச் சோதனை

ஒரு குவளை நீரில் இரண்டு கரண்டி உப்பும் சில துளி மையும் கலக்குக. அதனைக் கிளர்வூட்டிய கரித்தூளின் வழியே வடிகட்டுக. நிறம் வெளிறும். வடிந்த நீரில் சிறிதளவை ஒரு கரண்டியிற் காய்ச்சினால் வெண்மையான உப்பு படியும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று என்பதை மாணவர் இதனால் கண்ணாரக் காண்பர்.